குளிர் வாடகை

சென்ற மாதம் கோயம்புத்தூரிலிருந்து என் பெரியப்பா மகனின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் கணவனுக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை உறுதியாகிவிட்டது. ஒப்பந்தக் கடிதத்தில் கையெழுத்திட இன்னும் பத்து நாட்கள் இருந்தன. நலம் விசாரிப்பெல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. "அத்தை, ஒரு குடும்பத்துக்கு அங்க மாசம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். அப்போதே ஒரு தொகையைச் சொல்லியிருக்க முடியும். பதின்மூன்று ஆண்டுகளாக இந்த ஊரில் குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது தெரியாதா? ஆனாலும் அலமாரியின் மேல்தட்டில் இருந்த கணக்கு நோட்டுகளை இறக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொத்தம் பதினொரு நோட்டுகள். முதலாவது, சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. 2013 ஜனவரியில் நான் கிளம்பிய அன்று அப்பா கொடுத்தது. அப்பா பாளையங்கோட்டையில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரெல்லாம் மகள் ஜெர்மனி போகிறாள் என்று நகை, பட்டு, ஊறுகாய் என்று கட்டிக்கொடுக்க, அவர் மட்டும் நோட்டை நீட்டி, "வரவை எழுத மறந்தாலும் பரவால்லம்மா, செலவ எழுதிரு" என்றார். முதல் பக்கத்தில் அவரே அடிக்கோலை வைத்துக் கோடு போட்டிருந்தார்.

அந்த முதல் பக்கத்தில் என் கையெழுத்து நடுங்கியிருக்கிறது. குளிரால் அல்ல. வாடகை 780 யூரோ. முன்பணம் மூன்று மாத வாடகை, 2,340 யூரோ. தரகருக்கு இரண்டு மாத வாடகையும் அதன் மேல் 19 சதவீத வரியும் சேர்த்து 1,856 யூரோ 40 சென்ட். தரகரை அமர்த்தியது வீட்டுக்காரம்மா. அவர் அந்த வீட்டுக்குள் நின்றது கால்மணி நேரம். பணம் கொடுத்தது நாங்கள். அன்றைக்கு அதுதான் வழக்கம். 2015 ஜூனில்தான், யார் தரகரை அமர்த்தினாரோ அவரே கூலி தரவேண்டும் என்று சட்டம் வந்தது. எங்களுக்கு இரண்டரை ஆண்டு தாமதம். முன்பணத்தை மூன்று தவணையாகக் கட்டும் உரிமை குடியிருப்பவருக்குச் சட்டத்திலேயே உண்டு என்பதும் அப்போது தெரியாது. யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு யூரோ 71 ரூபாய் என்று பெருக்கி, மூன்று லட்சம் என்று பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கேள்வி யாரைப் பார்த்து என்று இப்போது விளங்கவில்லை.

வீட்டைத் திறந்து உள்ளே போனபோது சமையலறை இருக்கவேண்டிய இடத்தில் ஓர் அறை மட்டும் இருந்தது. அடுப்பு இல்லை, அலமாரி இல்லை, பாத்திரம் கழுவும் தொட்டிகூட இல்லை. சுவரிலிருந்து இரண்டு தண்ணீர்க் குழாய்கள் மூடி போட்டபடி நீட்டிக்கொண்டிருந்தன. கூரையிலிருந்து மின்கம்பிகள் தொங்கின, விளக்கு எதுவும் இல்லை. இந்த நாட்டில் குடிபெயர்கிறவர்கள் சமையலறையையும் கழற்றி எடுத்துக்கொண்டு போவது சாதாரணம் என்று அறிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர் தன் சமையலறையை 900 யூரோவுக்கு எங்களிடமே விற்க முன்வந்தார். கழற்றி நிலவறையில் அடுக்கிவைத்திருந்ததை மறுபடி மேலே கொண்டுவந்து பூட்டிக் கொடுக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தரையில் வைத்த மின்சாரக் குக்கரில் சோறும் அதிலேயே பருப்பும் வேகவைத்து, குளியலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவினேன். திருநெல்வேலியில் நான் இயற்பியல் விரிவுரையாளர். அதை நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது?

வாடகைக்கு இங்கே இரண்டு பெயர். 'கால்ட்மீட்டெ' என்றால் குளிர் வாடகை, வெறும் சுவர்களுக்கானது. 'வார்ம்மீட்டெ' என்றால் சூடான வாடகை. அதில் வெப்பமூட்டும் செலவு, தண்ணீர், குப்பை, மாடிப்படி விளக்கு, நிலவரி எல்லாம் அடங்கும். மின்சாரம் இரண்டிலும் சேராது, அதற்குத் தனி ஒப்பந்தம். விளம்பரங்களில் குளிர் வாடகைதான் பெரிய எழுத்தில் இருக்கும். புதிதாக வருகிறவர் அதைப் பார்த்து மகிழ்ந்து ஊருக்குச் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் குளிருக்கும் சூட்டுக்கும் இடையே 180 யூரோ. அதுவும் நிலையான தொகை இல்லை, முன்பணமாகச் செலுத்துவது. ஆண்டு முடிந்து, வீட்டுக்காரர் மொத்தக் கணக்கையும் பார்த்து மிச்சத்தைத் திருப்பித் தருவார், அல்லது குறைவதைக் கேட்பார். அந்தக் கணக்கை அனுப்ப அவருக்குப் பன்னிரண்டு மாத அவகாசம் உண்டு. ஆகவே ஒரு மாதத்தின் செலவு எவ்வளவு என்பது இந்த ஊரில் ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துக்கூடத் தெரியவரலாம்.

எங்கள் வீட்டு ஹீட்டர் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறிய கண்ணாடிக் குழல், அதற்குள் நிறமுள்ள திரவம். ஹீட்டர் சூடாகச் சூடாக அது ஆவியாகிக் குறையும். ஆண்டுக்கொருமுறை ஒருவர் வந்து அளவைக் குறித்துக்கொண்டு போவார். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் தெர்மாமீட்டர் நினைவுதான் வரும், வீட்டுக்குக் காய்ச்சல் வந்தது போல. குழந்தைக்குச் சளி பிடிக்கிறதே என்று முதல் குளிர்காலம் முழுவதும் ஹீட்டரை எரியவிட்டு, மூச்சு முட்டுகிறதே என்று ஜன்னலையும் சாய்த்துத் திறந்துவைத்திருந்தேன். 2014 அக்டோபரில் வந்த கணக்கு, மேலும் 412 யூரோ கட்டச் சொன்னது. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா மேலே வந்து, ஜன்னல்களை விரியத் திறந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் கழித்து மூடினார். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, அவ்வளவுதான். காற்று மாறும், சுவர் குளிராது. அவர் சொன்னதில் கால்வாசிதான் அன்று புரிந்தது. ஆனால் அந்த ஐந்து நிமிடப் பாடம் நான் கல்லூரியில் நடத்திய வெப்பக் கொள்ளளவுப் பாடத்தைவிடத் தெளிவாக இருந்தது.

வரவுப் பக்கத்தையும் சொல்லவேண்டும். ஊரில் எல்லோரும் ஒப்பந்தக் கடிதத்தில் உள்ள சம்பளத்தை எழுபத்தொன்றால் பெருக்கிவிட்டார்கள். என் மாமியார் அதை வருடத்துக்கும் பெருக்கினார். கைக்கு வந்தது வேறு. மருத்துவக் காப்பீட்டுக்கு அன்று சம்பளத்தில் 8.2 சதவீதம், ஓய்வூதியத்துக்கு, வேலையின்மைக்கு, முதுமையில் பராமரிப்புக்கு என்று தனித்தனிப் பிடித்தங்கள், பிறகு வருமான வரி. அந்த வரியின் மேல் ஐந்தரை சதவீதம் 'ஒருமைப்பாட்டு' வரி. 1991இல் முதலில் வந்தது. கிழக்கு ஜெர்மனி மேற்கோடு இணைந்த செலவுக்காக அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2021இல் பெரும்பாலோருக்கு அது நீங்கும்வரை, பாளையங்கோட்டைக்காரர்கள் எங்களுக்கும் அந்த இணைப்பில் பங்கு இருந்தது. நகர அலுவலகத்தில் முகவரியைப் பதியும்போது மதம் என்ன என்று கேட்டார்கள். ஏதோ வம்பு என்று என் கணவர் விறைத்துக்கொண்டார். கேள்வி பணத்தைப் பற்றியது. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று பதிந்தவர்களிடம் இந்த மாநிலத்தில் வருமான வரியில் எட்டு சதவீதம் தேவாலய வரியாகப் பிடிப்பார்கள். முருகனுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லாததால் தப்பித்தோம்.

பிடித்தங்களைப் பார்த்து முதல் ஆண்டு முழுவதும் புலம்பினேன். 2014 மார்ச்சில் மகன் பிறந்தான். நான்கு நாள் மருத்துவமனை, மருத்துவச்சி வீட்டுக்கே வந்து பார்த்தது, எல்லாம் முடிந்து நோட்டை எடுத்து "பிரசவம்" என்று எழுதி, எதிரில் 0 என்று போட்டேன். வேலைக்குப் போகாத மனைவியும் குழந்தைகளும் கணவரின் காப்பீட்டிலேயே கூடுதல் கட்டணமின்றி அடங்கிவிடுவார்கள். அதன்மேல் மாதாமாதம் அரசு குழந்தைக்கு 184 யூரோ தந்தது. தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். "சைபரா? நல்லா விசாரிச்சியா? பொறவு பில்லு அனுப்பிறப் போறான்" என்றார். கடைசிவரை அவர் நம்பவில்லை.

எல்லாப் புதியவர்களுக்கும் வருகிற ஒரு நோய் எனக்கும் வந்தது. எதைப் பார்த்தாலும் ரூபாயாக மாற்றுவது. ஒரு காலிபிளவர் 1.99 யூரோ, அதாவது 141 ரூபாய். கையில் எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு வந்திருக்கிறேன். காப்பிக்கடையில் ஒரு காப்பியின் விலையில் ஊரில் ஒரு கிலோ காப்பித்தூளே வாங்கலாமே என்று கணவரை வெளியே இழுத்து வந்திருக்கிறேன், ஊரில் காப்பித்தூள் விலை என்ன என்றுகூட யோசிக்காமல். இந்த நோயின் உச்சம் 2013 ஆகஸ்ட். அந்த மாதம் ரூபாய் சரிந்து யூரோ தொண்ணூறைத் தாண்டியது. ஊருக்குப் பணம் அனுப்ப நல்ல நேரம் என்று கணவர் மகிழ்ந்தார். எனக்கோ அதே கடையில், அதே தட்டில், அதே 1.99க்கு இருந்த காலிபிளவர் 179 ரூபாயாக ஏறிவிட்டதே என்று வயிறு எரிந்தது.

இந்த நோயை நான் ஒருத்தி மட்டும் சுமக்கவில்லை என்று காட்டியவர் வீட்டுக்காரம்மாதான். ஒருநாள் ரொட்டிக்கடையில் எனக்கு முன்னால் நின்றவர் விலைப்பலகையைப் பார்த்து உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துத் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் சொன்னார்: அவர் யூரோவை மார்க்காக மாற்றிப் பார்க்கிறார். மார்க் நாணயம் புழக்கத்திலிருந்து போய்ப் பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது. 1.95583 மார்க் ஒரு யூரோ என்பதை இரண்டாக்கி மனத்துக்குள் பெருக்கிக்கொண்டிருந்தார். தன் நாட்டை விட்டு நகராமலேயே அவருக்கும் பழைய நாணயம் ஒன்று இருந்தது. அன்று மாலை என்னைக் கூப்பிட்டுத் தன் கணக்குப் புத்தகங்களைக் காட்டினார். இங்குள்ள சேமிப்பு வங்கிகள் இலவசமாகத் தருகிற வீட்டுக்கணக்கு ஏடுகள். இறைச்சி, காலணி, நிலக்கரி, நன்கொடை என்று பத்திகள். கணவர் இறந்த வருடத்திலும் ஒரு நாள் விடுபடவில்லை.

இந்தப் பகுதியின் ஷ்வேபியர்கள் சிக்கனத்துக்குப் பேர்போனவர்கள். 2008 டிசம்பரில், உலகப் பொருளாதாரமே ஆட்டம் கண்டுகொண்டிருந்தபோது, ஆங்கெலா மெர்க்கெல் இதே ஸ்டுட்கார்ட்டில் நடந்த தம் கட்சி மாநாட்டில், வங்கிகள் ஒரு ஷ்வேபிய இல்லத்தரசியைக் கேட்டிருக்கலாம், வருமானத்துக்கு மேல் நெடுநாள் வாழ முடியாது என்று அவள் சொல்லியிருப்பாள் என்ற பொருளில் பேசினார். அந்த இல்லத்தரசி எப்படி இருப்பாள் என்று யாராவது கேட்டால் என் வீட்டுக்காரம்மாவைத்தான் காட்டுவேன். என் அப்பாவையும் காட்டலாம்.

சிறு செலவுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். வானொலியும் தொலைக்காட்சியும் இல்லாத எங்களுக்கு ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 17.98 யூரோ வந்தது. கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு கட்டணம் என்ற முறை நாங்கள் வந்த அதே 2013 ஜனவரியில்தான் தொடங்கியிருந்தது. இப்போது அது 18.36. கொடுத்த காசுக்காகவே சமையலறையில் வானொலி வாங்கிவைத்தேன், ஜெர்மன் மொழி பாதி அதில் வந்ததுதான். போக்குவரத்துச் செலவு, 2023 மே மாதம் நாடு முழுக்கச் செல்லும் 49 யூரோப் பயணச்சீட்டு வந்ததும் இறங்கியது. 2026 ஜனவரி முதல் அது 63. பிறருக்கு நம்மால் நேரும் சேதத்துக்கான காப்பீடு ஒன்று உண்டு. வருடத்துக்கு ஐம்பது யூரோ அளவில் முடிந்துவிடும் அதை முதல் வாரமே எடுத்துவிடவேண்டும். கட்டடத்தின் பொதுச் சாவி ஒன்று தொலைந்தால் எல்லாப் பூட்டுகளையும் மாற்றும் செலவு நம் தலையில் விழும். மாடிப்படி பெருக்கும் முறை வாரத்துக்கு ஒரு வீடாகச் சுற்றிவரும், முறை வந்த வீட்டின் கதவில் 'கேர்வோஹெ' என்று ஒரு பலகை தொங்கும். அதற்குப் பணம் இல்லை. அந்தப் பலகை தொங்கிய முதல் வாரம் நான் வாசல் தெளிக்க ஒரு வாளித் தண்ணீரோடு போய் நின்றது இன்னும் கட்டடத்தில் பேசப்படுகிறது. காலிப் புட்டிகளைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 25 சென்ட் கிடைக்கும். அது மகளின் வருமானம், என் நோட்டில் சேராது.

தமிழ்க்கடைச் செலவு தனிப் பக்கம். கறிவேப்பிலை ஒரு சிறு பொட்டலம் ஒன்றரை யூரோ. ஊரில் கொசுறாக வந்த பொருளுக்கு விலை கொடுப்பது போன்ற அவமானம் வேறில்லை. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவிலிருந்து வரும் மாம்பழத்தையும் பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேம்பு ஆகியவற்றையும் பூச்சி காரணமாகத் தடை செய்தபோது அந்தப் பக்கம் சற்று மெலிந்திருக்கிறது. மாம்பழத் தடை 2015 ஜனவரியில் நீங்கியது. கடையை நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணவனும் மனைவியும். நான் கடைவாசலிலேயே நின்று ரசீதைப் பார்த்து எழுதுவதை அக்கா ஒருநாள் கவனித்துவிட்டார்.

"என்ன பிள்ளை, எல்லாத்தையும் எழுதுறீர்?"

"மாசக் கணக்கு அக்கா. ஊருக்குத் திரும்பிப் போறதுக்குள்ள எவ்வளவு சேர்த்தோம்னு தெரியணுமே."

அவர் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "நாங்கள் எண்பத்தஞ்சில வந்தனாங்கள். கிழக்கு பெர்லினில இறங்கி, ரயிலில இந்தப் பக்கம் வந்தது. முதல் கொஞ்ச வருசம் வேலைக்குப் போக விடேல்லை. சாப்பாடும் பெட்டியிலதான் வந்தது. அப்ப எங்களிட்டை எழுத ஒண்டும் இருக்கேல்லை. திரும்பிப் போற டிக்கெட் எங்கட கணக்கிலேயே இல்லை, பிள்ளை."

குரலில் குறை எதுவும் இல்லை. மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். நான் கறிவேப்பிலை 1.50 என்று எழுதியிருந்ததை அவர் பார்க்காதபடி நோட்டை மூடினேன். எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'ஊர்' என்று ஒரு பத்தி எப்போதும் இருந்தது. அதில் மாதம் 200 யூரோ. ஐந்து வருடத்தில் திரும்புவதாக அன்று திட்டம்.

2016இல் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை ஆயிற்று. 'ஊர்' பத்தியிலிருந்து 4,000 யூரோ, அதாவது மூன்று லட்சம் ரூபாய் அனுப்பினோம். பிரசவத்துக்கு 0 என்று எழுதிய அதே நோட்டில் அதையும் எழுதினேன். அப்பா குணமாகி வீட்டுக்கு வந்ததும் முதலில் மருத்துவமனை ரசீதுகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாராம். கூட்டினால் எட்டாயிரம் ரூபாய் மிச்சம் வந்தது. அதை அஞ்சலகத்தில் என் பெயரில் போட்டுவிட்டார். அடுத்த ஆண்டு ஒரு பள்ளி உணவகத்தில் எனக்குப் பகுதிநேர வேலை கிடைத்தது. வரிப்பிடித்தம் இல்லாத சிறுவேலைக்கு அன்று உச்சவரம்பு மாதம் 450 யூரோ. வரவுப் பத்தியில் முதன்முறையாக என் பணத்தை எழுதியபோது ஸ்டுட்கார்ட் வந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

2019ஆம் ஆண்டு நோட்டை அன்று பிரிக்கவேண்டாம் என்றுதான் நினைத்தேன். பிரித்தேன்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை மாலை அண்ணன் அழைத்தான். அப்பா மறுபடி மருத்துவமனையில், உடனே வா என்று மட்டும் சொன்னான். கணவர் கணினியில் விமானச்சீட்டுகளைப் பார்த்தார். இரண்டு இருந்தன. ஒன்று, மறுநாள் காலை பிராங்க்பர்ட்டிலிருந்து நேராகச் சென்னை, 1,380 யூரோ. மற்றது மறுநாள் பிற்பகல் புறப்பட்டு, வளைகுடாவில் ஒரு நகரத்தில் பதினொரு மணிநேரம் காத்திருந்து போவது, 640 யூரோ. அவர் நேர் விமானத்தில் கைவைத்தார். நான் தடுத்தேன். ஆயிரத்து முந்நூறா, அப்பாவுக்குத் தெரிந்தால் திட்டுவார் என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னதாகக்கூட ஞாபகம். வித்தியாசம் 740 யூரோ, ஊரில் அம்மாவுக்கு ஒரு வருட மருந்துச் செலவு என்று பெருக்கிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை இந்திய நேரம் பகல் பதினொன்று நாற்பதுக்கு அப்பா போய்விட்டார். நான் அந்த விமான நிலையத்தில், இலவச இணையம் கிடைக்கும் தூணுக்கு அருகே உட்கார்ந்து, காப்பி விலையை எந்த நாணயத்திலிருந்து எந்த நாணயத்துக்கு மாற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேர் விமானத்தில் போயிருந்தால் வெள்ளி நள்ளிரவு சென்னை, அதிகாலை விமானத்தில் தூத்துக்குடி, அங்கிருந்து காரில் பாளையங்கோட்டை. பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். ஒன்றரை மணிநேரம் இருந்திருக்கும். காலையில் நினைவோடுதான் இருந்தார், கஞ்சி குடித்தார், பிள்ளை எந்த ஊரில் வருகிறாள் என்று கேட்டார் என்று அம்மா சொன்னாள்.

நோட்டில் "விமானம் 640" என்று இருக்கிறது. திரும்பி வந்த அன்று எழுதியது. அதன் பிறகு ஆகஸ்ட் வரை பக்கங்கள் காலி. கணவரும் கேட்கவில்லை. அந்த ஆறு மாதமும் என்ன செலவானது, எப்படிச் சமாளித்தோம் என்று தெரியாது. குடும்பம் எப்படியோ நடந்துதான் இருக்கிறது. மறுபடி எழுதத் தொடங்கியபோது 'ஊர்' என்ற பத்தியைப் போடவில்லை. அப்போதிலிருந்து காலிபிளவரை ரூபாயில் மாற்றிப் பார்க்கும் பழக்கமும் எனக்கு விட்டுப்போயிற்று. எந்த நாளில் என்று குறித்துவைக்கவில்லை.

2022 நோட்டு வேறு விதத்தில் தடித்தது. உக்ரைன் போர் தொடங்கியபின் எரிவாயு விலை ஏறி, எங்கள் வீட்டின் மாத முன்பணம் 210இலிருந்து 390 ஆயிற்று. அந்த டிசம்பர் மாதத் தவணையை அரசே ஏற்றது. மறு ஆண்டு, வழக்கமான பயன்பாட்டில் எண்பது சதவீதத்துக்கு எரிவாயு விலையைக் கிலோவாட் மணிக்குப் பன்னிரண்டு சென்ட் என்று கட்டிப்போட்டார்கள். வீட்டுக்காரம்மா ஹீட்டரைத் தொடாமல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயது. மகன் அவர் வீட்டுக்கு வாரம் இருமுறை ரசம் கொண்டுபோய்க் கொடுப்பான். "சூடான வாடகை" என்று அதற்கு அவர் பெயர் வைத்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. ஊருக்குப் போய்விடலாமா என்று கணவர் கடைசியாகக் கேட்டது அந்தக் குளிர்காலத்தில்தான். மகள் பக்கத்து அறையில் யாருடனோ ஷ்வேபிய வழக்கில் பேசிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் அழைத்தேன். மூன்று பேர் குடும்பத்துக்கு, நகரத்துக்குச் சற்று வெளியே வீடு கிடைத்தால், எல்லாம் சேர்த்து மாதம் மூவாயிரத்து இருநூறு யூரோ என்று கொள் என்றேன். குளிர் வாடகைக்கும் சூடான வாடகைக்கும் வித்தியாசம் சொன்னேன். சமையலறை இருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதே, முன்பணத்தை மூன்று தவணையாகத் தருவோம் என்று சொல், அது உங்கள் உரிமை என்றேன். ஜன்னலை ஐந்து நிமிடம் திறப்பதைப் பற்றியும் சொன்னேன். அவள் அந்தப் பக்கம் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அவ்வளவுதானா அத்தை?"

"இன்னொண்ணு எழுதிக்கோ. வந்த முதல் வருசத்துல தனியா ஒரு கணக்குல ஆயிரத்து ஐந்நூறு யூரோ போட்டு வச்சிரு. தொடாத."

"மாசாமாசமா?"

"இல்ல, ஒரே தடவ. எடுத்தா மட்டும் திரும்பப் போட்டு வை. நேர் விமானம். உனக்கு ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஒண்ணு, ரெண்டும் தனித்தனியா."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். அவள் அப்பா, அதாவது என் அண்ணன் முறை, சர்க்கரை நோயாளி. பிறகு, "ஆயிரத்து ஐந்நூறுன்னா இப்ப ஒன்றரை லட்சம் இல்லையா அத்தை?" என்றாள். யூரோ 2025இலேயே நூறைத் தாண்டிவிட்டது.

ஆமாம் என்றேன்.

அப்புறம் குக்கர் கொண்டுவரலாமா, பெட்டி எடைக்குள் வருமா என்று கேட்டாள். இரண்டு கொண்டுவா என்றேன்.